சுண்ணாம்புக் கம்பத்திலிருந்து தியோமானுக்கு

ஜூன் பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் சித்திரை மாதமே தொடங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் பேச்சோடு முடிந்தும் விடும். போன ஆண்டு அப்படி முடிய என் மகன் விடவில்லை. பதினொரு வயது. பள்ளியில் பவளப்பாறை பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். "அம்மா, தீவுலதானே இருக்கோம்? நான் ஒரு தடவைகூட கடலுக்குள்ள பாத்ததில்லை" என்றான். யோசித்துப் பார்த்தேன். சிங்கப்பூருக்கு வந்து பதினாறு ஆண்டுகள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன். கணுக்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை.

சிங்கப்பூரிலேயே பவளம் இருக்கிறது. 250க்கும் மேற்பட்ட வன்பவள வகைகள் இந்தச் சின்னத் தீவைச் சுற்றி வாழ்கின்றன. சிஸ்டர்ஸ் தீவுகளில் 2014ல் கடல் பூங்காவே அமைத்தார்கள். ஆனால், பல ஆண்டுகளாகக் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் தண்ணீர் கலங்கலாகிவிட்டது. முதல்முறை பார்க்கிறவனுக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். அதனால் மலேசியாவின் கிழக்குக் கரையை யோசித்தோம். ரெடாங், பெர்ஹெந்தியான் என்றால் தொலைவு. தியோமான் என்றால் மூன்று நாளில் போய்த் திரும்பலாம். ஜோகூர் மாநிலத்து மெர்சிங்கில் படகு ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். தீவு இருப்பது பாகாங் மாநிலத்தில். 1994 முதல் அதைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா.

காலம் முக்கியம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கரையையும் அடித்துத் துவைக்கும். படகுகள் குறைந்துவிடும், தங்கும் விடுதிகள் பலவும் மூடிவிடும். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் நல்ல காலம். ஜூன் சரியாகப் பொருந்தியது.

அந்த நேரத்தில்தான் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கீழக்கரைக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். வயது 72. அம்மா போன பிறகு முதல் பயணம். காலையில் சிராங்கூன் சாலையில் ஒரு நடை, வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் ஒரு கும்பிடு, தேக்கா சந்தையில் மீன் விலை கேட்டு ஒரு பெருமூச்சு. இதுதான் அவருடைய சிங்கப்பூர். அவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போக முடியுமா?

முதலில் தாள் வேலைகள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா 30 நாள் விசா விலக்கு தருகிறது. ஆனால், நம்மவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் வேறு. ஜோகூருக்குப் போனவர் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டுமே! ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் பாலத்தைத் தாண்டியதும் அது முடிந்துவிடும். அப்பாவின் விசாவை எடுத்து மூன்று முறை படித்தேன். பலமுறை நுழையும் விசாதான். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்று கைப்பேசியில் நினைவூட்டல் வைத்தேன்.

அடுத்தது படகு. மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. கடல் ஏறும் நேரம் பார்த்துத்தான் படகு விடுவார்கள். நேரம் நாளுக்கு நாள் மாறும். நான் அட்டவணையை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார்.

"அமாவாச என்னைக்கு?"

சொன்னேன். விரலை மடக்கி எண்ணினார்.

"அப்ப வத்தம் பெருசா இருக்கும். வத்துற நேரத்துல போயி நின்னா அரை நாள் காத்துக் கெடக்கணும். மொத நாளே போயி ராத்திரி அங்க தங்கிரு, ஆத்தா."

அப்படியே திட்டத்தை மாற்றினேன். வியாழன் பிற்பகல் குவீன் ஸ்திரீட்டில் பேருந்து ஏறி லார்க்கின், அங்கிருந்து மெர்சிங், இரவு அங்கே தங்கல், வெள்ளி காலை படகு. விடுமுறைக் காலத்து உட்லண்ட்ஸ் வரிசையை நினைத்தாலும் அதுதான் புத்திசாலித்தனம்.

பிறகு ஸ்நோர்கெலிங். முகக்கண்ணாடி மாட்டி, ஒரு குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடி மூச்சுவிடுவது. அப்பாவைப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஆழமில்லாத இடத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு, யாராவது பக்கத்தில் இருந்தால் போகலாம் என்றார் டாக்டர். நீச்சல்குளத்தில் ஒத்திகை பார்க்கப் போனபோது அப்பா கைலியை வரிந்து கட்டி இறங்கப் பார்த்தார். காவலர் ஓடி வந்தார். முஸ்தபாவுக்குப் போய் முழங்கால்வரை வரும் நீச்சல் டவுசர் வாங்கினோம். "இதப் போட்டுக்கிட்டு எங்க போயி நிக்கிறது?" என்று சிரித்தார். ஆனால், தண்ணீருக்குள் குழாயைக் கவ்வியதும் என்னைவிடவும் என் கணவரைவிடவும் நிதானமாக மூச்சுவிட்டார்.

அன்றிரவு சாப்பாட்டின்போது மகன் பாடம் நடத்தினான். "தாத்தா, பவளம் கல் இல்ல. உயிர். சின்னச் சின்னப் பிராணி ஆயிரக்கணக்குல சேர்ந்து கட்டுற வீடு. அதை மிதிக்கக் கூடாது, தொடக் கூடாது. வெயிலுக்குப் பூசுற சில கிரீம்கூட அதுக்கு ஆகாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கணும்."

அப்பா கேட்டார்: "வருசத்துக்கு எம்புட்டு வளரும்?"

"உருண்டையா இருக்கிறதுன்னா ஒரு செண்டிமீட்டர் மாதிரி. கிளை கிளையா இருக்கிறது கொஞ்சம் வேகமா."

அப்பா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பார்த்தார். "அப்ப ஒரு மொழம் வளர?"

"நாப்பது, அம்பது வருஷம் ஆகும் தாத்தா."

அதன்பிறகு அவர் பேசவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை, "நீங்க போயிட்டு வாங்கத்தா. நான் வீட்டுல இருக்கேன்" என்றார்.

கால் வலி என்றார். படகு ஒத்துக்கொள்ளாது என்றார். கடலோரத்தில் பிறந்தவருக்குப் படகு ஒத்துக்கொள்ளாதா? விடுதிக்கும் படகுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. மாலை நடையில் கூடப் போனேன். கேட்டுக்கொண்டே நடந்தேன். கோயிலுக்கு எதிர்ப்புறம் வந்ததும் சொன்னார்.

"நான் கல்லுக்குப் போனவன்த்தா."

சிறுவயதில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். அப்பா சின்ன வயதில் 'கல்லுக்குப் போனார்' என்று அப்பத்தா சொல்வார். கல்குவாரி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் போனது கடலுக்கு. பதினேழு வயதிலிருந்து ஏழெட்டு ஆண்டுகள். கடல் வத்தும் நேரத்தில் தீவு ஓரத்துப் பாருக்கு வள்ளத்தில் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று கடப்பாறையால் பவளத்தை நெம்பி எடுப்பது. கரையில் கொண்டுவந்து கொட்டினால் காளவாய்க்காரர் எடுத்துக்கொள்வார். சுட்டால் சுண்ணாம்பு. நல்ல கல்லாக இருந்தால் வீட்டுச் சுவருக்கு.

"ஒரு நாளைக்கு ஒரு வள்ளம் ஏத்துவோம். உன் பையன் சொல்ற கணக்குக்கு, ஒரு வள்ளத்துல எத்தன அம்பது வருசம்?"

என்னிடம் பதில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கடியில் இருக்கின்றன. அலையைத் தடுத்த பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். 1986ல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவானது. 2001ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அப்பா அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ராமநாதபுரத்தில் மளிகைக் கடை வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர்களிடம் யாரும் அதை உயிர் என்று சொல்லவில்லை. கூலி என்று மட்டும் சொன்னார்கள்.

கோயிலைக் காட்டினேன். "இதுக்கு முந்தி என்ன பேரு தெரியுமாப்பா? சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்."

நின்றுவிட்டார்.

19ஆம் நூற்றாண்டில் இந்தச் சாலையோரம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கம்போங் என்ற மலாய்ச் சொல்தான் நம்மவர் வாயில் கம்பமானது. இரண்டு தெரு தள்ளி கம்போங் கப்போர் சாலை இருக்கிறது. கப்போர் என்றாலும் சுண்ணாம்புதான். கடலிலிருந்து வந்த பவளத்தையும் சிப்பியையும் சுட்டுத்தான் இந்த ஊரின் பழைய கட்டடங்கள் எழுந்தன. 1862ல் புனிதப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியக் கைதிகள் கட்டியபோது, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் வெல்லமும் சேர்த்த மெட்ராஸ் சாந்தைத்தான் உட்சுவரில் பூசினார்கள்.

"இங்கயும் நம்ம ஆளுகதானா?" என்றார்.

"நம்ம ஆளுகதாம்ப்பா."

வீட்டுக்கு வரும்வரை வேறு பேச்சில்லை. நானும் வற்புறுத்தவில்லை. உடைத்தவரைக் கூட்டிக்கொண்டுபோய் உடையாததைக் காட்டுவது அன்பா, தண்டனையா என்று எனக்கே தெரியவில்லை. புதன்கிழமை இரவு பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கொடியைப் பார்த்துக் கேட்டார்: "அந்த டவுசர் காஞ்சிருச்சா?"

தியோமானில் தெக்கேக்குக்கும் ஆயர் பாத்தாங்குக்கும் நடுவே கடல் பூங்கா நிலையம் இருக்கிறது. சனிக்கிழமை காலை அதன் படகுத்துறைப் பக்கம் இறங்கினோம். கடல் தொட்டித் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. அப்பாவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, மிதவை வளையத்தின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை என் கணவரும் பிடித்துக்கொண்டார்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்தார்.

நானும் வைத்தேன். என்னத்தைச் சொல்ல? மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாகக் கீழே ஒரு தெரு. கிளைகளுக்கு நடுவே விரல் நீள நீல மீன்கள் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. கிளிமீன் ஒன்று பாறையைக் கொறிக்கும் சத்தம் காதில் கேட்டது. அங்கங்கே வெள்ளைத் திட்டுகளும் இருந்தன. கடல் அளவுக்கு மேல் சூடானால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். வெப்பம் நீடித்தால் செத்துவிடும். 2024ல் உலகம் முழுக்க அப்படி வெளுத்தது. கடப்பாறை இல்லாமலும் உடைக்கிற காலம் இது.

பத்து நிமிடத்தில் அப்பா தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். போதும் என்பார் என்று நினைத்தேன். கண்ணாடிக்குள் உமிழ்ந்து தேய்த்து, கழுவி, மறுபடி மாட்டிக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கரைக்கு வந்தார். கால் ஒரு முறைகூடத் தரையில் பட விடவில்லை என்று கணவர் பிறகு சொன்னார்.

அன்று மாலை, மணலில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்.

"கரைக்கு வந்து ரெண்டு நாள் காஞ்சா எல்லாம் வெள்ளையாயிரும். வெள்ளையாப் பாத்துப் பாத்து, அதுக்கு நெறம் இருந்துச்சுங்கறதே மறந்துபோச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "கடப்பாறைய வச்சா மீனு சிதறி ஓடும். பயந்து ஓடுதுன்னு நெனச்சோம். அதுக வீட்ட விட்டுல்ல போயிருக்கு."

மகன் பக்கத்தில்தான் இருந்தான். "உங்களுக்குத் தெரியாதுல்ல தாத்தா" என்றான். அப்பா அவன் தலையில் கையை வைத்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், பஃப்ளோ சாலைக் கடையில் வெற்றிலை வாங்கினார். கடைக்காரர் சுண்ணாம்புப் பொட்டலத்தை நீட்டினார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது எதுல சுட்ட சுண்ணாம்பு?"

"பாக்கெட்ல வருதுங்கய்யா. எனக்குத் தெரியலையே" என்றார் கடைக்காரர்.

அப்பா காசு கொடுத்தார். வெற்றிலையை வேட்டியில் துடைத்து, நகக்கண் அளவு எடுத்துத் தடவினார். வழக்கமாக அவர் தடவுவதில் பாதிகூட இருக்காது.