மயில்கள் கலைந்த பிறகு

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் ஒவ்வொரு மார்ச்சிலும் 68 அணிகள் மோதும் தொடர் ஒன்று நடக்கும். ஒரு ஆட்டம் தோற்றால் அதோட வீடுதான். நாலு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. 15ஆம் இடம் என்றால், "வந்ததுக்குச் சந்தோசம், போயிட்டு வாங்கோ" எண்ட மாதிரித்தான்.

2022இல் அந்த 15ஆம் இடங்களில் ஒன்றில் இருந்தது, ஜேர்சி சிட்டியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னப் பல்கலைக்கழகம். அணியின் சின்னம் மயில். யார் பக்கம் நிற்கிறது எண்டு முடிவெடுக்க எங்களுக்கு அது ஒண்டே காணும். 2011க்குப் பிறகு அப்போதுதான் இந்தத் தொடருக்குள் வந்திருந்தார்கள். முதல் ஆட்டம் எட்டுத் தடவை சம்பியனான கென்டக்கியோடு. மேலதிக நேரம் வரை இழுத்து 85–79 என்று வென்றார்கள். அடுத்தது மரே ஸ்டேட், 70–60. பிறகு 7 அடி 4 அங்குல உயர ஆளை வைத்திருந்த பேர்டியூ, 67–64. அதற்கு முதல் 15ஆம் தரவரிசை அணி எதுவும் கடைசி எட்டுக்குள் வந்ததே இல்லை.

அந்த மார்ச் இங்க எப்படி இருந்தது எண்டு சொல்லத் தேவையில்லை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் வாற நேரத்தில போனுக்கு சார்ஜ் போட்டு, ஹைலைட்ஸை இறக்கி வைத்து, இருட்டுக்குள்ள ஒரு போனைச் சுத்தி ஆறு பேர் இருந்து பார்த்தோம். அந்தப் பெடியள் வென்றதால எங்கட காஸ் வரிசை குறையேல்ல. ஆனாலும் அடுத்த ஆட்டம் எப்ப எண்டு கேட்க ஒரு விசயம் இருந்தது.

கடைசி எட்டில் நோர்த் கரோலினாவிடம் 69–49 என்று தோற்றார்கள். அது எங்களுக்குப் பெரிசாத் தாக்கேல்ல. தாக்கினது அதுக்குப் பிறகு நடந்தது. சில நாட்களிலேயே பயிற்றுநர் ஷஹீன் ஹொலோவே தான் படித்த செட்டன் ஹோலுக்குப் போனார். கென்டக்கிக்கு எதிராக 27 புள்ளி எடுத்த டாரில் பாங்க்ஸ் போனார். மீசையால் பிரபலமான டக் எடர்ட் போனார். மாலியில் இருந்து வந்த இரட்டையர்களும் வேறு கல்லூரிக்குப் போனார்கள். ஒரு வருடம் வெளியே இருக்காமல் கல்லூரி மாறி விளையாடலாம் என்று 2021இல் விதி மாறியிருந்தது. நல்ல இடம் கிடைத்தால் போகத்தானே வேணும்? ஒருத்தரையும் குறை சொல்லேலாது.

எங்கட ஆறு பேரில நாலு பேர் இப்ப நாட்டில இல்லை. கட்டார், மெல்பேர்ன், ரொறொன்ரோ, லண்டன். "போகாத" எண்டு சொல்ல எங்களிட்ட ஒரு காரணமும் இருக்கேல்ல. பாஸ்போர்ட் வரிசையில இடம் பிடிச்சுக் குடுத்ததே நாங்கள்தான்.

மிஞ்சினவைக்கு ஒரு வியாதி வரும். எந்தக் கூட்டம் வச்சாலும் "அந்த நேரம் நாங்கள்" எண்டு தொடங்கிறது. புதுசா வாற தம்பி தங்கச்சிமார், யாரோ எப்பவோ கொண்டாடின கலியாண வீட்டு வீடியோவைப் பார்க்கிற மாதிரிக் குந்திக்கொண்டு இருப்பினம்.

2024 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ் திரும்பவும் அந்தத் தொடருக்கு வந்தது. புதுப் பயிற்றுநர், பெரும்பாலும் புதுப் பெடியள், அதே 15ஆம் இடம். தங்கள் பிராந்தியத் தொடரின் இறுதியாட்டத்தில் ஃபேர்ஃபீல்டை 68–63 என்று வென்றுதான் வந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே டெனசியிடம் 83–49. உலகம் கவனிக்கவில்லை. எங்களுக்கு 2022ஐ விட அந்த வருசம்தான் இப்ப கூட யோசிக்க வைக்குது. பழைய ஆக்களின்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு, தங்கட ஆட்டத்தை ஆடித் தோற்றவை அவை.

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு இப்ப வாறவையில பாதிப் பேருக்கு 2022இல 15, 16 வயசு. அடுத்த மாதப் புத்தகத்தை அவையளே தெரிவு செய்யட்டும் எண்டு விட்டிருக்கிறம். தெரிவு செய்த புத்தகம் எங்களுக்குப் பிடிக்கேல்ல. வாசிச்சுக்கொண்டு இருக்கிறம்.