கன்னத்தில் ஒரு தேசப்படம்

அசட்டுத்தனமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதற்கு வருஷக்கணக்கில் வட்டி கட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. கேளுங்கள்.

இரண்டாவது குழந்தை பிறந்த சமயம், என் மனைவியின் முகத்தில் மங்கு விழுந்தது. இரண்டு கன்னங்களிலும் பழுப்பாகப் படர்ந்த திட்டு. கர்ப்ப கால மாறுதல்களும் வெயிலும் சேர்ந்துகொண்டால், தோலுக்கு நிறம் தரும் மெலனின் அளவுமீறிச் சுரந்து இப்படி ஆவதுண்டாம். அதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்? "அடடே! இந்தக் கன்னத்தில் ஆப்பிரிக்கா, அந்தக் கன்னத்தில் ஆஸ்திரேலியா. பையனுக்குப் பூகோளம் சொல்லித்தரத் தேசப்படமே வேண்டாம்!" என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆறு வருஷம் கழித்து ஒருநாள், மைத்துனியின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். படத்துக்குப் படம் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவளை ஒன்றில்கூடக் காணோம். பழைய ஆல்பங்களையும் எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேசப்படத்துக்குப் பிறகு அவள் போட்டோவுக்கே நிற்கவில்லை!

பிராயச்சித்தம் செய்யக் கிளம்பினேன். டாக்டரிடமா? இல்லை, மருந்துக் கடைக்கு! முகம் வெளுக்க ஒரு களிம்பு வாங்கி வந்தேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்றது. நான் மீசையை முறுக்கினேன். மூன்றாம் மாதம் முகம் சிவந்து எரிந்தது. தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரிந்தன. நிறுத்தினால் மங்கு முன்னைவிடக் கறுத்தது. களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு என்று தோல் வைத்திய நிபுணரான அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. என்னைப் பார்த்த பார்வையில் பாதி மருந்து எனக்கே கிடைத்துவிட்டது.

சில மாதங்கள் தோலைத் தேற்றிவிட்டு, "இனி மைக்ரோநீட்லிங் செய்யலாம்" என்றார் டாக்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத நுண்ணிய ஊசிகளால் முகத்தில் குத்துவது!

"ஊசியா?" என்று அலறியது நான்தான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். 1997-இல் கனடாவைச் சேர்ந்த காமிரான் என்ற டாக்டரும் அவருடைய சகாவும், பச்சை குத்தும் ஊசியை மையில்லாமல் தழும்புகளில் குத்திப் பலன் கண்டதாக எழுதினார்களாம். குத்திய இடத்தைச் சரிசெய்யத் தோல் புதிதாகக் கொலாஜனை உண்டாக்குகிறது. அந்த நுண்ணிய துவாரங்கள் மூடிக்கொள்வதற்குள் மருந்தும் உள்ளே இறங்குகிறது. மங்குக்கு இறக்குவது டிரானெக்ஸாமிக் அமிலம்; ரத்தப் போக்கை நிறுத்தக் கொடுக்கும் அதே மருந்து. என் பாட்டிக்கு ஊசியால் குத்தி நிறத்தை ஏற்றினார்கள். என் மனைவிக்கு ஊசியால் குத்தி நிறத்தை இறக்கப் போகிறார்கள்!

மரத்துப்போகும் களிம்பைப் பூசி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஊசி ஓடிய இடத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. களிம்பே இல்லாமல் வெளுத்துப் போனது என் முகம்தான்.

"ரொம்ப வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று சொன்னீர்களே, அந்த அளவுக்கு இல்லீங்க" என்றாள்.

ஆறு வருஷமாக அவள் அதை மறக்கவில்லை.

மாதத்துக்கு ஒன்றாக நான்கு முறை ஆயிற்று. மங்கு வெளிறியது, அடியோடு போகவில்லை. "இதை அடக்கலாம், திரும்ப வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனைத் தினமும் பூசவேண்டும். 'உருளை விலைக்குக் கிடைக்கிறதே, வீட்டிலேயே உருட்டலாமே' என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய மாநிறத்துக்குக் கை கொஞ்சம் அழுந்தினாலும் குத்திய இடமே கறுத்துவிடும், கிருமியும் சேரும். பருக்கள் சீழ் பிடித்திருக்கும்போதும், தழும்பு தடித்து வளரும் உடம்புக்கும் இந்தச் சிகிச்சை கூடாது.

இப்போது வெயிலில் அவளுக்குக் குடை பிடிப்பது என் உத்தியோகம். போன மாதம் ஒரு கல்யாணத்தில், கூப்பிடாமலே வந்து என் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றாள். படத்தில் மங்கு லேசாகத் தெரிகிறது. அவள் சிரிப்பு அதைவிட நன்றாகத் தெரிகிறது.

உங்கள் வீட்டிலும் யார் முகத்திலாவது மங்கு விழுந்தால், முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் டாக்டரைத் தேடுங்கள்.