என்ன சிரைச்சுக்கிட்டு இருந்தே?

நம்ம ஹாஸ்டல்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தக் கேள்வி காதுல விழுதுன்னு எண்ணிப் பாருங்க. ரெக்கார்டு நோட்டு முடிக்கலையா? "இவ்ளோ நேரம் என்ன சிரைச்சுக்கிட்டு இருந்தே?" கிரவுண்ட்ல கேட்ச் விட்டுட்டானா? "நீயெல்லாம் சிரைக்கத்தான் லாயக்கு." நானும் சொல்லியிருக்கேன். மத்தவங்களைவிடக் கொஞ்சம் சத்தமாவே சொல்லியிருக்கேன்.

போன டிசம்பர் லீவுல நான் நிஜமாகவே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மடக்குக் கத்தியில் ஷேவ் பண்ணக் கற்றுக்கொண்டேன். சலூனில் பாதி பிளேடை உடைத்துச் சொருகுவார்களே, அது இல்லை. முழுக் கத்தியே பிளேடு. பழைய படங்களில் வருமே, அது.

என் ஊர் கொல்லிமலை, செம்மேடு. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். "ரீல்ஸ்ல பார்த்திருக்கோம், செம இடம் மச்சி" என்பீர்கள். டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அங்கே பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அப்பா சலூன் வைத்திருக்கிறார். இரண்டு சேர், ஒரு டிவி. தாத்தா காலத்தில் கடை கிடையாது. அடிவாரத்திலிருந்து தகரப் பெட்டியோடு நடந்தே மலையேறி, ஊர் ஊராகப் போய்ச் சவரம் செய்தவர். கூலி பெரும்பாலும் சாமை, கேழ்வரகு.

நாலு வருஷமாக உங்களில் யாருக்கும் இது தெரியாது. நான் சொன்னதில்லை.

செப்டம்பரில் பிளேஸ்மென்ட் இன்டர்வியூ. டெக்னிக்கல் ரவுண்டு நன்றாகவே போனது. ஹெச்ஆர் சிரித்துக்கொண்டே, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். "பிசினஸ், சார்." யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது. வேலை கிடைத்தது. வீட்டுக்கு போன் பண்ணினேன். அப்பா ஒவ்வொரு கேள்வியாக விசாரித்தார். அந்த ஒரு கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

லீவில் வீட்டுக்குப் போனபோது, பரணில் தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றி அந்தக் கத்தி இருந்தது. ஜெர்மனியின் சோலிங்கனும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் இந்தக் கத்திக்குப் பேர்போன ஊர்கள். தாத்தாவின் கத்தியில் எழுத்தெல்லாம் தேய்ந்து, எந்த ஊர் என்று தெரியவில்லை. அப்பாவிடம் காட்டி, "கத்துக்குடுங்கப்பா" என்றேன்.

"எதுக்கு? நீ இதைத் தொடக் கூடாதுன்னுதானே கண்ணு இங்கிலீஷ் மீடியம் சேர்த்தேன்?"

"எனக்கு நானே ஷேவ் பண்ணிக்கப்பா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் கத்தியை வாங்கிக்கொண்டு போய்த் தீட்டுக்கல்லைத் தேடினார்.

முதல் இரண்டு நாள் முகத்தில் கத்தி படவில்லை. தோல் வாரில் தீட்டுவது மட்டும்தான். கத்தியின் முதுகு முன்னால் போகணும், கூர் பின்னால் வரணும். வாரின் முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டித் திரும்பணும். கூரை முன்னால் விட்டால் வாரே அறுந்துவிடும். நான் ஓரிடத்தில் கீறியும்விட்டேன். கூர் ஏற்றுவது கல்லின் வேலை, வார் அந்த விளிம்பை நேராக்குகிறது. முடி எவ்வளவு மென்மையானது, அது ஸ்டீலை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால், எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். முடி ஸ்டீலைவிடச் சுமார் ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் ஸ்டீலின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில், வளைந்த முடி விளிம்பில் பட்டால் சில்லு பெயர்ந்துவிடும். மெட்டீரியல் சயின்ஸ் பேப்பரில் மார்ட்டன்சைட் என்று மனப்பாடம் செய்து எழுதினேன். அது என்னவென்று கையில் தெரிந்தது இப்போதுதான். அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. கத்தியை வாரில் இழுக்கும் சத்தத்தை வைத்தே போதுமா போதாதா என்று சொல்லிவிடுகிறார்.

மூன்றாம் நாள் ஊதின பலூனில் சோப்பு நுரை பூசி, அதை வழிக்கச் சொன்னார். நாலு பலூன் வெடித்தது. ஐந்தாவது தப்பியது. நாலாம் நாள்தான் முகம்.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா, அப்பா எனக்குச் சொன்னது இதுதான். முதலில் வெந்நீர்த் துணியை இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் வைத்து முடியை ஊற விடுங்க. எங்க ஊர்க் குளிரில் மயிர்க்கால் எல்லாம் விறைத்து நிற்கும், அப்படியே கத்தி வைத்தால் சீவிவிடும். ஃபோம் வேண்டாம். சோப்பும் பிரஷ்ஷும் போதும், நுரை தண்ணியாக இல்லாமல் வழவழன்னு இருக்கணும். விரலால் தடவி முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளருதுன்னு பாருங்க, அந்தப் பக்கமே இழுங்க. கத்தியின் முதுகு கன்னத்தை விட்டு அதிகம் எழும்பக் கூடாது, ஒரு 30 டிகிரி. அழுத்தவே கூடாது, கத்தியோட கனமே போதும். கூரின் போக்கிலேயே பக்கவாட்டில் இழுத்தால் அது வெட்டு, ஷேவ் இல்லை. பரு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்க. முதல் வாரம் இரண்டு கன்னம் மட்டும், மீசைக்கும் தாடைக்கும் உங்க பழைய ரேசரே. முக்கியமா, கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீங்க. விழட்டும்.

இன்னொன்று. இந்தக் கத்தியை ரூம்மேட்டோடு பங்கு போடாதீங்க. 90-களில் எய்ட்ஸ் விழிப்புணர்வு பரவிய பிறகுதான் சலூன்கள் ஒவ்வொரு ஆளுக்கும் புது பிளேடு என்று மாறின. அப்பாவும் அப்போதுதான் தாத்தா கத்தியைப் பரணில் போட்டார்.

யூடியூபில் எல்லாரும் கத்தி பிடிக்கும் கையைத்தான் காட்டுகிறார்கள். அப்பா என்னுடைய இன்னொரு கையைத்தான் திட்டிக்கொண்டே இருந்தார். தோலை இழுத்துப் பிடிக்கிற கை அது. அது சரியாக இருந்தால் கத்திக்கு வேலையே இல்லை.

நான் அவசரப்பட்டு ஆறாம் நாளே தாடை வளைவுக்குப் போனேன். வெட்டிக்கொண்டேன். எரியவில்லை, நுரை மட்டும் சிவந்தது. அப்பா கத்தியை வாங்கிக்கொண்டார். படிகாரத்தை நனைத்து அழுத்தினார். பிறகு இரண்டு விரலால் என் தாடையைத் திருப்பி, மீதியை அவரே வழிக்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் செய்வதுதான். நான் ஆறாவது படிக்க சேந்தமங்கலத்தில் அத்தை வீட்டுக்குப் போனதற்கு அப்புறம், அவர் கை என் முகத்தில் பட்டது அன்றைக்குத்தான்.

"அப்பா, இன்டர்வியூல ஒண்ணு..."

"பேசாத. வாய் அசைஞ்சா வெட்டிரும்."

முடிக்கும் வரைக்கும் பேசவில்லை. அவர் முகத்தைத் துடைத்துவிட்டதும் சொன்னேன். "நீங்க பிசினஸ்னு சொல்லிட்டேன்பா."

கத்தியைக் கழுவினார். துடைத்தார். எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். இந்தப் பனியில் எண்ணெய் இல்லாமல் வைத்தால் மறுநாளே துருப் பிடிக்கும்.

"உன் ஸ்கூல் ஃபார்ம்ல நானும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார். "அன்னைக்கு வேற என்ன எழுதறதுன்னு தெரியல."

அவ்வளவுதான் பேசினோம். கடைக்கு ஆள் வந்துவிட்டது.

கத்தி இப்போது செம்மேட்டில்தான் இருக்கிறது. ஹாஸ்டலுக்கு அதையெல்லாம் கொண்டு வர முடியாது. பொங்கலுக்குப் போனபோது தாடை வளைவையும் ரத்தம் வராமல் முடித்தேன். கழுத்து இன்னும் பாக்கி.

லீவு முடிந்து வந்த அன்றைக்கு ரூமில் ஒருத்தன் கேட்டான். "புராஜெக்ட் ரிப்போர்ட் ஒரு பக்கம்கூட எழுதல. லீவு முழுக்க என்னடா சிரைச்சுக்கிட்டு இருந்தே?"

"ஆமா மச்சி, அதான். தினமும் காலைல. எங்கப்பா சொல்லிக் குடுத்தார். அவருக்கு அதுதான் தொழில்."

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்குமாடா?" என்று கேட்டான். அவனுக்கும் கற்றுக்கொள்ள ஆசையாம். தனியாக ஒரு கத்தி வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பலூனும்.