அரக்கோணம்: நாலு திசைக்கும் ஒரு வாசல்

கொல்லிமலைக்காரர்களுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் திருப்புலி நாட்டில் தண்டவாளம் கிடையாது, வரவும் போவதில்லை. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் மலைக்கு எந்த இன்ஜின் வரும்? மலைக்குக் கீழே இருக்கிற நாமக்கல்லுக்கே சேலம் - கரூர் பாதை வழியாக 2013 மே மாதத்தில்தான் பயணிகள் ரயில் வந்தது. மாவட்டத் தலைநகரத்துக்கே அந்த கதி என்றால் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம் :)

ஆனால் மலையில் இருந்து வேலைக்குப் போகிறவர்களில் நிறைய பேர் சென்னைப் பக்கம்தான் போகிறார்கள். சேலத்தில் ஏறினால் ஜோலார்பேட்டை, காட்பாடி தாண்டி அரக்கோணம் வழியாகத்தான் சென்னை. என் பெரியம்மா மகன், அதாவது அண்ணன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். குடியிருப்பது அரக்கோணத்தில். "அம்பத்தூரில் வேலை, அரக்கோணத்தில் வீடா?" என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த ஸ்டேஷனின் கதையைப் படித்தேன்.

முதலில் வரலாறு. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853ல் பம்பாயில் இருந்து தானேவுக்கு ஓடியது எல்லோருக்கும் தெரியும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ம் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்தப் பாதையில்தான் அரக்கோணம் இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷன் கட்டியதே 1873ல்தான். அதாவது சென்ட்ரலுக்கு முன்பே அரக்கோணம் வழியாக ரயில் போய்விட்டது!

அப்போது மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கு இரண்டு கனவுகள். ஒன்று, கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையையும் இணைப்பது. அது சேலம் வழியாகப் போய் 1862ல் கோழிக்கோடு பக்கத்தில் இருக்கும் பேப்பூரைத் தொட்டது. இன்னொன்று, மெட்ராஸையும் பம்பாயையும் இணைப்பது. அது ரேணிகுண்டா, கடப்பா வழியாகப் போய் 1871ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்து ரயில்வேயோடு கை கோத்தது. இந்த இரண்டு கனவும் பிரிகிற இடம்தான் அரக்கோணம். ஜங்ஷன் என்கிற பெயர் இப்படித்தான் வந்தது.

மூன்றாவது கிளையின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1865ல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்று ஒரு தனி நிறுவனம் அரக்கோணத்தில் இருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு சின்னப் பாதை போட்டது. மெட்ராஸ் ரயில்வேயின் பாதை 5 அடி 6 அங்குல அகலம். இவர்கள் போட்டதோ 3 அடி 6 அங்குலம். செலவு குறைவு என்பதுதான் காரணம். (நம்ம பாஷையில் சொன்னால் "லோ காஸ்ட் மாடல்"!) அந்தக் கம்பெனி பிறகு கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1874ல் தென்னிந்திய ரயில்வேயோடு சேர்ந்தது. பாதையும் மீட்டர் கேஜாக மாறி செங்கல்பட்டு வரை நீண்டது.

இங்கேதான் வணிகவியல் படிக்கிற எனக்கு மூளையில் மணி அடித்தது. பாதை போடும்போது மிச்சம் பிடித்தார்கள் சரி, அப்புறம்? ஒரு அகலத்தில் வந்த வண்டி இன்னொரு அகலத்தில் ஓடாது. காஞ்சிபுரத்தில் இருந்து வந்த மூட்டையை அரக்கோணத்தில் இறக்கி, அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு தடவை மிச்சம் பிடித்த காசை, பல வருஷங்களுக்கு மூட்டை தூக்கியவர்களின் தோள் கட்டியது என்று சொல்லலாம். கணக்குப் புத்தகத்தில் கம்பெனிக்கு லாபம்தான். செலவு வேறு யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அந்தப் பாதையும் அகலப்பாதை ஆகிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சரி, இப்போது ஸ்டேஷனின் அமைப்பு. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு கோணலான பெருக்கல் குறி மாதிரி இருக்கும். கிழக்கே திருவள்ளூர், சென்னை. மேற்கே காட்பாடி, ஜோலார்பேட்டை. வடமேற்கே திருத்தணி, ரேணிகுண்டா. தென்கிழக்கே தக்கோலம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு. கேரளா, கோவை, பெங்களூர், மும்பை என்று சென்னையில் இருந்து மேற்கே கிளம்புகிற வண்டிகள் எல்லாம் இதே தண்டவாளங்களில்தான் வந்து, இங்கே பிரிந்து போகின்றன. அதே தண்டவாளங்களின் பக்கத்திலேயே புறநகர் மின்சார ரயிலும் ஓட வேண்டும், சரக்கு ரயிலும் ஓட வேண்டும். எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டு அவுட்டரில் நிற்கிற அனுபவம் இந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் உண்டு.

மின்மயமாக்கல் திருவள்ளூர் வரை 1979லும், அரக்கோணம் வரை 1982லும் வந்தது. அதற்குப் பிறகுதான் அரக்கோணம் உண்மையில் சென்னையின் கடைசித் தெரு ஆனது. சென்ட்ரலில் இருந்து சுமார் 69 கிலோமீட்டர். 2019 ஏப்ரலில் கடற்கரையில் கிளம்பி தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் வழியாகத் திரும்பக் கடற்கரைக்கே வந்து சேரும் சுற்றுவட்ட ரயிலையும் விட்டார்கள். 1865ல் போட்ட அந்தச் சின்னப் பாதை இல்லாவிட்டால் இந்த வட்டம் முழுமை ஆகியிருக்காது.

ஊரும் ரயிலைச் சுற்றியே வளர்ந்தது. மின்சார இன்ஜின் ஷெட் இருக்கிறது. 1992ல் கடற்படையின் ராஜாளி விமான தளம் வந்தது. புயல் வந்தால் செய்தியில் "அரக்கோணத்தில் இருந்து பேரிடர் மீட்புப் படை விரைந்தது" என்று கேட்டிருப்பீர்கள், அந்தப் படையும் இங்கேதான். எல்லாமே எங்கேயோ கிளம்பிப் போவதற்காக இருக்கிற விஷயங்கள் என்பதைக் கவனியுங்கள். ஊரின் குணம் அப்படி.

இப்போது அண்ணன் கணக்குக்கு வருவோம்.

புறநகர் மாத சீசன் டிக்கெட்டின் விலை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம். 2014 ஜூனில் அதை 30 பயணங்களின் கட்டணமாக ஏற்றப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கியது. மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் போக வர 50 பயணம். 50க்கு 15 பயணத்தின் காசு கொடுத்தால் போதும். அதாவது 30 சதவீதம்தான். கூடவே வீட்டு வாடகையும் அம்பத்தூரைவிடக் குறைவு. "ஊருக்கு அனுப்ப மிச்சம் வேணும்னா இதுதான்டா வழி" என்பார் அண்ணன். கணக்கு சரிதான்.

ஆனால் வீட்டில் இருந்து கிளம்பி வேலைக்குப் போய்ச் சேர ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். 25 நாளைக்கு 100 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் பன்னிரண்டரை நாள்! மாதத்தில் பன்னிரண்டு நாள் கூடுதலாக, சம்பளம் இல்லாமல், புளியமங்கலம், மோசூர், திருவாலங்காடு, மணவூர் என்று எண்ணிக்கொண்டே வேலை பார்க்கிறார். மிச்சம் பிடித்தது ஒரு கணக்கில், செலவு வேறு கணக்கில். 1865ல் நடந்த அதே கதைதான். அன்று தோள், இன்று தூக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரம் மட்டும் இல்லை. 2011 செப்டம்பர் 13ம் தேதி இரவு, அரக்கோணம் பக்கத்தில் சித்தேரியில் நின்றுகொண்டிருந்த காட்பாடி பாசஞ்சர் மீது பின்னால் வந்த மெமு ரயில் மோதியது. பலர் இறந்தார்கள். எல்லாம் இதே மாதிரி தினசரி ஓடுகிற சாதாரண வண்டிகள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குப் படித்த பாடத்தில் சொல்லித் தரவில்லை.

அதற்காக ரயிலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சீசன் டிக்கெட் இல்லாவிட்டால் அண்ணனுக்கு அந்த வேலையே இல்லை. மலையில் மிளகு விலை விழுந்த வருஷங்களில் பெரியம்மா வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ரயிலால்தான். தங்கச்சி நர்சிங் படித்ததும் அதனால்தான். எங்கள் மலைக்குள் தண்டவாளம் வரவில்லை, ஆனால் தண்டவாளத்தின் காசு 70 வளைவும் ஏறி வந்துவிட்டது.

எனக்கு இன்னும் ஒரு வருஷத்தில் டிகிரி முடிகிறது. "அரக்கோணத்துக்கு வந்துடு, ரூம் இருக்கு, வேலை பார்த்துக்கலாம்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் சம்மதம். நான் வாடகை, சாப்பாடு, சீசன் எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கடைசி வரியில் "100 மணி நேரம்" என்று எழுதி அதற்கு எதிரே எவ்வளவு ரூபாய் போடுவது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அண்ணன் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினார். நான் பூஜ்யம் போடப்போவதில்லை. போவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.