கார்டு வேண்டாம், சிப்பை மாற்று

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் காரைக்குடி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணே, கேம் திக்குது. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுக் குடுங்க." அப்படி அழைத்த ஒரு பையனின் வீட்டுக்குக் கிளம்பிய சர்வீஸ்காரரோடு நானும் கண்டரமாணிக்கம் போயிருந்தேன்.

பெரிய செட்டிநாட்டு வீடு. வளவைச் சுற்றி, கல்யாணமான மகன்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அறைகள். அவற்றில் ஒன்றில் கணினி இருந்தது. உள்ளே ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. 2018 வாக்கில் நல்ல கூட்டணி. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் தூசு ஹீட்சிங்கின் இடுக்குகளை அடைத்திருந்தது.

ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் சர்வீஸ்காரர் கையில் எடுத்தது மல்ட்டிமீட்டர். பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட் மூன்று ஓட்டையோடு இருக்கும், எர்த் கம்பி மட்டும் எங்கும் போய்ச் சேராது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எலக்ட்ரீசியன் வந்து போன பிறகுதான் இவர் வேலை. இங்கே அளவு சரியாக இருந்தது.

அடுத்து பையனை விளையாடச் சொன்னார். வேலரன்ட். திரையின் ஓரத்தில் எண்கள் ஓடும்படி ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டுப் பின்னால் நின்றார். கிராபிக்ஸ் கார்டு முக்கால்வாசி நேரம் சும்மா இருந்தது. பிராசசரின் இரண்டு மூன்று கோர்கள் மூச்சு முட்டின. ரேம் நிரம்பி வழிந்தது. பிறகு ரெசல்யூஷனைக் குறைக்கச் சொன்னார். படத்தின் அளவு குறைந்தால் கார்டின் சுமை குறையும். பிராசசரின் சுமை அநேகமாக அப்படியே இருக்கும். குறைத்தும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறவில்லை. "பாத்தியா தம்பி? கார்டு காத்துக்கிட்டு இருக்கு. சிப்புதான் வேலைய அனுப்பல." பையன் கேட்ட கார்டை அன்றைக்கு வாங்கியிருந்தால் அதுவும் அதே இடத்தில் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். இந்தத் தொழிலின் முக்கால் பங்கு இந்தச் சோதனைதான். மீதிதான் ஸ்க்ரூ.

அடுத்த கேள்வி, போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பது. இங்கே ஏஎம்டி நிறுவனத்தின் பழைய முடிவு ஒன்று கைகொடுத்தது. 2017-ல் முதல் ரைசன் வந்தபோது இருந்த ஏஎம்4 சாக்கெட்டிலேயே 2020-ல் தொடங்கிய 5000 வரிசையும் உட்காரும். இன்டெல் தரப்பில் நடந்தது வேறு: 2017-ல் எட்டாம் தலைமுறைச் சிப்புகள் அதே 1151 என்ற எண்ணுள்ள சாக்கெட்டோடு வந்தும் முந்தைய போர்டுகளில் ஓடவில்லை. ஏஎம்4-ஐ விட்டு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குத் தாவினால் போர்டும் புதிது, டிடிஆர்5 ரேமும் புதிது. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் 2025-ன் கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறையாக ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தை விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால் கையிலிருக்கும் டிடிஆர்4-ஐத் தூக்கிப் போட இவர் விடுவதில்லை. ரைசன் 5 5600 ஒன்றும், பழையதற்கு ஜோடியாக இன்னொரு 8 ஜிபி ரேமும் போதும் என்று முடிவானது.

பழைய சிப், புதிய சிப் இரண்டுக்கும் கோர் ஆறுதான். பழைய சிப்பில் 16 எம்பி கேஷ் எட்டு எட்டாகப் பிரிந்து கிடக்கும். புதியதில் 32 எம்பி ஒரே தொகுப்பாக ஆறு கோர்களுக்கும் பொது. ஒரே தரவை மறுபடி மறுபடி தேடும் கேம்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பொருள் வரும் இடம் சென்னை ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டி, ரேடியோ உதிரி பாகங்களில் தொடங்கிய சந்தை அது. பெரிய ஆர்டர் என்றால் காலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறி மதியம் எழும்பூரில் இறங்கி நேரில் பார்த்தே வாங்குவார். சின்னது என்றால் பார்சல். இந்தச் சிப்பும் ரேமும் பார்சலில் வந்தவை.

மாற்றும் நாளைக் குறிக்கும்முன் மின்வாரியத்தின் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டார். புதிய சிப்பைப் பழைய போர்டு அடையாளம் காண வேண்டுமானால், பழைய சிப் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டே உயிரிழக்கலாம். அதனால் யுபிஎஸ் கூடவே வந்தது. பயாஸைத் தொடும் முன்பே, டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை நிறுத்தியிருந்தார். சிப் மாறினால் அதற்குள் இருக்கும் டிபிஎம் சாவியும் போய்விடும்; ரெகவரி கீ இல்லாதவருக்கு டிஸ்கில் உள்ள படங்களும் கணக்குகளும் கிடைக்காது. வேகமாக அசெம்பிள் செய்யும் பலர் விடுகிற படி இது.

பிறகு பத்து நிமிடம் பையனை மறுபடி விளையாட விட்டார். எனக்குப் புரியவில்லை. "காஞ்ச பேஸ்ட்டு சூட்டுல இளகும்ணே" என்றார். ஏஎம்4 சிப்பின் அடியில் 1331 ஊசிகள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இறுகிய பேஸ்ட்டோடு ஹீட்சிங்கை நேரே இழுத்தால் சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், ஊசி வளையும். சுவிட்சை அணைத்துவிட்டு, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தூக்கினார். சிப் சாக்கெட்டிலேயே நின்றது. லீவரைத் தூக்கி, மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, புதியதைத் தன் எடையிலேயே இறங்கவிட்டார். விரலால் அழுத்தவே இல்லை. தூசுக்கு ப்ளோயர் பிடித்தபோது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் நிறுத்திக்கொண்டார். காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். ரேம் இரண்டையும் இரண்டாம், நான்காம் ஸ்லாட்டில் மாட்டினார். அப்போதுதான் மெமரி இரண்டு வழியாகப் பாயும்.

டிஸ்ப்ளே வந்தது. கேமில் திக்கல் நின்றது. இப்போது கார்டு முழு மூச்சில் ஓடியது. "இனிமே மாத்தணும்னா கார்டுதான். அப்ப எஸ்எம்பிஎஸ்ஸும் சேத்து மாத்தணும், இப்ப அவசரமில்ல" என்றார் பையனிடம்.

பையனின் அப்பத்தா வந்து எட்டிப் பார்த்தார். "பெட்டி அப்படியேதானே இருக்கு, எதுக்குப்பா கூலி?"

"உள்ளதான் ஆச்சி மாத்தியிருக்கேன்."

அவர் நம்பவில்லை. பேரனைப் பார்த்தார். அவன் திரையை விட்டுத் திரும்பவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

கழற்றிய 2600 குப்பைக்குப் போகவில்லை. இடிக்கும் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து வேறொரு வீட்டில் ஏறுவதுபோல, அந்தச் சிப்பையும் ஒரு கல்லூரி மாணவரின் மலிவு விலைக் கணினிக்கு ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். அதன் விலையைப் பையனின் பில்லில் கழித்தே எழுதியிருந்தார்.

சர்வீஸ்காரர்களின் வருமானத்தில் ஒரு கோணல் இருக்கிறது. விலை கூடிய கார்டை விற்றால் கமிஷன் உண்டு. 'கார்டு வேண்டாம்' என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குக் காசு இல்லை. சரியாகச் சொல்பவருக்கு நஷ்டம் என்றால் எத்தனை நாளைக்குச் சரியாகச் சொல்வார்கள்? எனவே கணினியை மேம்படுத்த நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ஆன்லைனில் கார்டை வாங்கிவிட்டு மாட்ட ஆள் தேடாதீர்கள். முதலில் ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். எதையுமே மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னாலும், அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்புங்கள்.