அழைப்பு வருமுன்

இறக்கும் தறுவாயிலுள்ளோர்க்கு நோயில்பூசுதல் அளிக்க அழைப்பு வரும் நேரம் எவருக்கும் தெரியாது. பெருங்களத்தூர், வண்டலூர் எனச் செல்ல நாம் பயன்படுத்துவது, ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட மீட்டியோர் 350 மோட்டார் சைக்கிள். தாழ்ந்த இருக்கையும் முன்னே நீட்டிய கால்களும் தரும் சுகத்தில் 191 கிலோ எடை மறந்துவிடும்.

ஜி.எஸ்.டி. சாலையில் முன்செல்லும் பேருந்து சட்டென நின்றால், காலால் மிதிக்கும் பின் பிரேக் மட்டும் போதாது. வேகம் குறைகையில் எடை முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. எனவே முன் பிரேக்கையும் சீராக இறுக்க வேண்டும். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும்; போதிய இடைவெளியை விடவேண்டியவர் நாமே.

வண்டி சூடேறுமுன் டயர்க் காற்றைப் பார்க்கிறோம். ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெயிடுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூரைச் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. எஞ்சின்வரை நீரில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்தால் உள்ளே புகுந்த நீரே எஞ்சினை உடைத்துவிடும். மெக்கானிக் பார்க்கும்வரை பொறுத்தலே நன்று.

பின்னால் அமரும் உபதேசியாருக்கும் தலைக்கவசம் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதைக் கேட்கிறது.

இவற்றையெல்லாம் பகலிலேயே முடித்துவிட்டால், நள்ளிரவு அழைப்பில் பதறாமல் புறப்படலாம். ஓர் இல்லத்திற்கு ஆறுதல் கொண்டு செல்லும் நாம், வழியில் இன்னோர் இல்லத்தின் அழுகைக்குக் காரணமாகலாகாது.