கூரைமேல் ஒரு கொடி

நூபுர கங்கையில் நீராடி, கள்ளழகரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டரில் உள்ள அழகர்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான் நாங்கள் மனை வாங்கியிருக்கிறோம். வீட்டின் மேல் மண் பரப்பிப் புல்லும் பூவும் வளர்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை.

"நார்வேயில் கூரைமேலேயே புல் வளர்க்கிறார்களாமே!" என்றாள்.

"வாஸ்தவம். தண்ணீர் இறங்காத மரப்பட்டையை அடுக்கி, அதன்மேல் புல்மண்ணைப் பரப்புவார்கள். அங்கே குளிருக்குப் போர்வை அது. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. சித்திரையில் புல்லுக்குத் தண்ணீர் ஏது? மேலும், 10 சென்டிமீட்டர் மண் மழையில் நனைந்தால் சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிலோ வரை கனக்கும். அதைத் தாங்கத் தளம் வேண்டும், கசியாத பூச்சு வேண்டும், வேர் துளைக்காதபடி தடுப்பு வேண்டும்..."

அவள் முகம் வாடிவிட்டது. தாகத்துக்கு ஒரு கூரை வீட்டில் ஒதுங்கினோம். மண் சுவர், சாணி மெழுகிய திண்ணை. என்ன குளுமை! அண்ணாந்து பார்த்தேன். கீற்றே தெரியாமல் சுரைக்கொடி படர்ந்திருந்தது.

"இதற்கு எத்தனை குடம் ஊற்றுவீர்கள், பாட்டி?"

"தனியா எதுக்கு ஊத்தணும், தாயி? ஏனம் கழுவுற தண்ணி போற எடத்துல தை மாசம் வெதையப் போட்டேன். வேரு கீழ, எலை மேல!"

ஆனால் பாட்டிக்கும் ஒரு குறை. கீற்றைப் பிரித்துவிட்டு மகன் கான்கிரீட் தளம் போடப் போகிறானாம். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. கீற்றுக்கு நெருப்புப் பயம் உண்டு; அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

"இனிமே கொடி எங்க படரும்?" என்றாள் கிழவி.

"தளத்துக்குமேல் கம்புப் பந்தல் போடச் சொல்லுங்கள், பாட்டி. கொடி நிழல் தரும், நடுவே காற்றும் ஓடும்" என்ற என் மனைவி, சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வழக்கும் அங்கேயே தீர்ந்துவிட்டது.

லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் கட்டிய வீடுகளில், தளத்தின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டையும் செலவையும் குறைத்தார். எங்கள் தளம் அந்த மாதிரி; அதன்மேல் பந்தல்; சமையலறைத் தண்ணீர் கொடியின் காலடிக்கு. பஸ்ஸிலேயே 'பிளான்' தயார்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே ஒரு சாமான் வந்து சேர்ந்துவிட்டது: பாட்டி கொடுத்து, என் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டுவந்த நாலு சுரை விதைகள்!